அடுப்பை அணைத்துவிட்டு வந்தவள்

தரணிக்கு,

"சாப்பிட்டாயா, சௌக்கியமா" என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. அதைக் கேட்க இன்று எனக்குப் பயமாக இருக்கிறது. கொஞ்ச காலமாக அந்தக் கேள்வியை நீ என்னிடம் வேறொருவன் குரலில் கேட்டுக் கேட்டு, அது நம் வீட்டுக் கேள்வியாகவே இல்லாமல் போய்விட்டது. விசா குத்திய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு நாளை சென்னையிலிருந்து ஆரணி வந்து சேர்வாய். மறுநாள், ஷூட்டிங் நடக்கும் இடத்திலேயே குரல் கொடுக்க வேண்டும் என்று விமானம் ஏறப் போகிறாய். நேரில் பேசினால் நீ சிரிப்பாய், நான் கத்துவேன், பக்கத்து வீட்டுத் தறி நின்றுபோய் எல்லாரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அதனால்தான் எழுதுகிறேன், நீ பஸ் ஏறுவதற்குள் படமெடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். நான் புடவை விற்கிற வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடலாமா என்று யோசனை. அங்கே இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பிள்ளை பெற்றவர்கள். அவர்களும் படிக்கட்டும்.

நீ நடிகனாக வேண்டும் என்றபோது நான் தடுத்தவள் இல்லை என்பதை முதலில் மனதில் வை. பி.காம் படித்த பிள்ளையை இப்படி விடலாமா என்று உன் சித்தப்பா வந்து நடு வீட்டில் உட்கார்ந்து பேசினார். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும், விடுங்க" என்று காபி கொடுத்து அனுப்பினேன். உன் வாய் அப்படிப்பட்டது. சின்ன வயதிலேயே ரைஸ்மில் மேஸ்திரியைப் போலப் பேசுவாய், நம் ஜினாலயத்தில் பூஜை செய்கிற உபாத்தியாயரைப் போலப் பேசுவாய், தேவிகாபுரம் பஸ் கண்டக்டர் போல விசில் அடிப்பாய். அப்பாவுக்குச் சோறு புரையேறும். ஒருமுறை பட்டுக்கடை முதலாளி குரலில் நீ கடைக்கே போன் செய்து, "இன்னிக்கு அவர ஜல்தியா வீட்டுக்கு அனுப்பிடுப்பா" என்று சொன்னது நினைவிருக்கிறதா? அந்தக் கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலையில் இருந்த உன் அப்பாவும், மனிதருக்கு என்ன இரக்கம் என்று வியந்துகொண்டே வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்கு வந்து நின்றார். விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சட்டையை மறுபடி மாட்டினார். உன் கையைப் பிடித்துக் கடைக்கு நடத்திக்கொண்டு போய், முதலாளி முன்னால் நிறுத்தினார். "அதே மாதிரி இன்னொரு தபா பேசு. பேசிட்டு உன் பேரைச் சொல்லு" என்றார். நீ பேசினாய், பெயரைச் சொன்னாய். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்து உனக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். வரும் வழியில் அப்பா உன்னிடம் சொன்னதை நீ வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சொன்னாய்: "யார் கொரல்ல வேணா பேசலாமாம்மா. கடசீல நான்தான்னு சொல்லிடணுமாம்." அன்றிலிருந்து நம் வீட்டில் அது வழக்கமாகிவிட்டது. யாரைப் போலப் பேசினாலும் முடிவில் "தரணி" என்று சொல்லிவிட்டுத்தான் நீ சாப்பிட உட்கார்வாய்.

அப்பா போன பிறகு நீ சென்னை நாடகக் குழுவை விட்டு இங்கே வந்து என்னோடு இருந்தாய். அம்மா தனியாக இருக்கிறாளே என்றுதான் வந்தாய், எனக்குத் தெரியும். நான் புடவை அடுக்கி வைத்திருக்கும் உள்ளறையில் எதிரொலி வராது, பட்டு எல்லாவற்றையும் குடித்துவிடும் என்று கண்டுபிடித்து, அங்கே மைக்கை வைத்து விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தாய். பல்பொடி, பைப்பு, ஆஸ்பத்திரி, எல்லாம் உன் குரலில் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த அறையில்தான் இந்த வேலையும் வந்து சேர்ந்தது. வெளிநாட்டு வெப் சீரிஸ் என்றாய். கதாநாயகன் ஒரு டாக்டர், அம்மா வியட்நாம்காரி, அப்பா பிரெஞ்சுக்காரர், மனைவியை இழந்தவன், இங்கிலீஷில் பேசுவான் என்றாய். முகம் வேறொருவருடையது, குரல் மட்டும் உன்னுடையது என்றாய். அதைக் கேட்டபோதே எனக்கு எங்கேயோ உறுத்தியது. ஆனால் சினிமாவில் அதெல்லாம் சகஜம் என்று நீ சொன்னாய், நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பேச்சை நீ கற்றுக்கொண்ட விதத்தைக் குறை சொல்ல மாட்டேன். புதுச்சேரியில் சின்னச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாளே, எல்லாரும் மதாம் என்று கூப்பிடுகிறவள், அவள் என்னிடம் பல வருஷமாகப் புடவை எடுக்கிறவள். அவளுடைய அப்பா புதுச்சேரித் தமிழர், அம்மா சைகோன்காரி, வீட்டில் படிப்பெல்லாம் பிரெஞ்சு. அவள் இங்கிலீஷ் பேசினால் நீ தேடுகிற பேச்சு அப்படியே வரும் என்று உனக்கு வழிகாட்டியவளே நான்தான். வாரா வாரம் பஸ் ஏறிப் போய் அவள் கடையில் உட்கார்ந்து, அவள் வறுத்துத் தருகிற ரோல்களைத் தின்றுகொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து எனக்குப் பாடம் நடத்தினாய். "நாம லைஃபுன்னு சொல்றோம், வைஃபுன்னு சொல்றோம் இல்ல? வால்ல ஒரு 'உ'வ ஒட்டிகினு திரியறோம். அவங்க வாலையே வெட்டிடுவாங்கம்மா. லை. வை. அவ்ளோதான்." ஹாஸ்பிட்டல் என்பதை ஓஸ்பித்தால் என்று கடைசியில் தூக்கிச் சொன்னாய். ரகரத்தைத் தொண்டைக்குள் உருட்டினாய். சோறு பரிமாறும்போதும் தொண்டையை உருட்டிக்கொண்டிருந்தாய். நாக்கை வாடகைக்கு விட்டுவிட்டாயா என்று நான் கிண்டல் செய்தேன். வாடகைக்கு விட்டது நாக்கை மட்டும் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வசனம் உன் போனுக்குத் துண்டு துண்டாக வந்தது. டாக்டர் பேசுவது மட்டும் இருக்கும். எதிரில் பேசுகிற பெண்ணுக்கு ஒரு வரியும் இருக்காது, அவளுக்குப் பெயரும் இல்லை. "எதிர்ல யாராவது இருந்தாத்தான் எனக்கு வரும். நீ பதில் சொல்லும்மா, தமிழ்லயே சொல்லு" என்று என்னைப் பாயில் உட்கார வைத்தாய். நம் புடவை லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போகிற அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் வரும். விளையாட்டாகத்தான் உட்கார்ந்தேன். நம் சமணக் குடும்பங்களின் வழக்கம் உனக்குத் தெரியும், பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அப்பா இருந்த வரைக்கும் அதற்குப் பிறகு பேச்சு இருந்தது. இப்போது தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகு வீட்டில் எனக்கு வேலையே இல்லை. அந்த நேரம் பார்த்து உன் டாக்டர் கேட்டான்: சாப்பிட்டீர்களா மேடம், இன்றும் தனியாகத்தான் சாப்பிட்டீர்களா. நான் நடிக்கவில்லை, தரணி. "அவர் இருந்தப்போ ரெண்டு தட்டு எடுப்பேன். இப்பவும் சில நாளு கை ரெண்டு தட்ட எடுத்துடுது. ஒண்ண திருப்பி வெக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் ஒரு நாளும் சொல்லாத விஷயம் அது. நீ "அம்மா" என்று கூப்பிடுவாய் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தபடியே அடுத்த வரிக்குப் போனாய். என் மனைவியின் கோப்பையை நானும் இன்னும் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன் என்று தொண்டையை உருட்டிச் சொன்னாய். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த டாக்டர் என்று ஒருத்தன் இல்லவே இல்லை என்று தெரிந்தும் நிறைந்தது. நீ "சூப்பர்மா, இப்டித்தான் இருக்கணும்" என்று கை தட்டினாய். அன்று நீ முடிவில் உன் பெயரைச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குரலை நன்றாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. பட்டு விற்பவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதலில் பிரிக்கிற புடவை விற்பதற்கு இல்லை, வாங்க வந்தவளின் கை பழகுவதற்கு. விலையைச் சொல்லக் கூடாது, யாருக்குக் கல்யாணம் என்றுதான் கேட்க வேண்டும். அவளே "வேற காட்டுங்க" என்று சொல்லும் வரைக்கும் இரண்டாவதை எடுக்கக் கூடாது. நீ வசனத்தை மடமடவென்று ஒப்பிப்பதைப் பார்த்து, "இன்னாடா இது, பஸ்ஸுக்கு லேட்டாயிட்டவன் மாதிரி பேசறியே. அவங்களே அடுத்தத கேக்கட்டும், நீ சும்மா இரு" என்று திருத்தினேன். நீ அப்படியே செய்தாய். பதிவு செய்து அனுப்பியதும் கம்பெனிக்காரர்கள் அசந்துபோனார்கள். பிறகு வந்த வசனங்களில் டாக்டர் தன் சேமிப்பைப் பற்றிப் பேசினான், ஒரு முதலீட்டைப் பற்றிப் பேசினான், "அவசரமில்லை, உங்களுக்கு நம்பிக்கை வந்தால் மட்டும்" என்றான். நானும் உன் அப்பாவும் வாழ்நாளெல்லாம் சொன்ன வரி அது. கட்டாயமில்லைம்மா, பிடிச்சா எடுங்க. இது கதை எழுதுகிறவன் எழுதிய வசனம் இல்லை, விற்கத் தெரிந்தவன் எழுதியது. அப்பா சொல்வார், புடவை கண்ணெதிரே இருக்கும் வரைக்கும் என்ன பேசினாலும் வியாபாரம், புடவையே இல்லாமல் பேசினால் அது வேறு தொழில் என்று. உன் டாக்டர் பேச்சில் புடவை எங்கே என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

மதாம் தன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். நீ உள்ளறையில் பேசிக்கொண்டிருந்தாய். அரக்குப் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "அக்கா, எங்க பெரியண்ணன் இப்படித்தான் பேசுவாரு. மூச்சு விடறது கூட அவரே" என்றாள். சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் புடவையை மடித்துக் கீழே வைத்துவிட்டுக் கதவருகே போய்க் கொஞ்ச நேரம் கேட்டாள். திரும்பி வந்து கேட்டாள்: "தம்பி யார்கிட்ட பேசறாரு அக்கா?" யாரிடமும் இல்லை, ஒத்திகை என்றேன். "இல்ல. எங்க அண்ணன் சண்ட போட்டாக்கூட எதிர்ல ஒரு ஆளு இருக்கும், அந்த ஆளுக்கு ஒரு பேரு இருக்கும். இவரு பேசறதுல அந்தப் பொம்பளைக்கு ஒண்ணுமே இல்லியே" என்றாள். அன்று அவள் புடவை எடுக்கவில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு நீ புதுச்சேரிக்குப் போனபோது கடையில் அவள் உன்னோடு தமிழில் மட்டும்தான் பேசினாள் என்று நீயே வந்து சொன்னாய். அவளுக்கு ஏதோ கோபம் என்றாய். அவள் தன் அண்ணனின் குரலை உன்னிடமிருந்து எடுத்து ஒளித்து வைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

தெள்ளாரில் இருந்து எனக்கு அரிசி கொண்டுவந்து போடுகிறாரே, அவருடைய மகனைப் பற்றி உன்னிடம் சொன்னேன். கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலை என்று சொல்லி வெளிநாட்டுக்கு அழைத்துப் போனார்கள். இறங்கிய இடத்திலேயே பெர்மிட் எடுக்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். பெரிய கட்டடம், சுற்றிலும் வேலி, உள்ளே வரிசையாகப் பிள்ளைகள், ஒவ்வொருவன் முன்னாலும் பல போன்கள், முன்பின் தெரியாதவர்களிடம் ஆசையாகப் பேசிப் பணம் பறிக்கிற வேலை. பேச மறுத்த நாளில் சாப்பாடு இல்லை, அதற்கு மேல் நடந்ததை அந்தப் பையன் அப்பாவிடமும் சொல்லவில்லை. எப்படியோ மீட்டு அழைத்து வந்துவிட்டார்கள். இப்போது வீட்டில் யாருடைய போனாவது அடித்தால் எழுந்து வெளியே போய் மாட்டுக்கொட்டகையில் நிற்கிறான். இதை நான் சொன்னபோது நீ சலித்துக்கொண்டாய். "இன்னாம்மா, சும்மா பேஜார் பண்ணிகினு இருக்க. அவன் டைப் அடிக்கப் போனான், நான் நடிக்கப் போறேன். அதுவும் இதுவும் ஒண்ணா?" ஒன்றில்லை என்பதைத்தான் நானும் சொல்கிறேன். அவனுக்கு அந்த வேலை வரவில்லை, அதனால் அடித்தார்கள். உனக்கு வரும். உன்னை அடிக்க மாட்டார்கள், தரணி. உன்னைக் கொண்டாடுவார்கள். எனக்கு அதுதான் கூடுதல் பயம்.

பிறகு அந்தக் கடைசி ஆடிஷன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு நடிகையோடு போனில் பேச வேண்டும், அவர் இஷ்டத்துக்குப் பேசுவார், நீ டாக்டராகவே இருக்க வேண்டும், எந்தக் கட்டத்திலும் உன் சொந்தப் பெயரைச் சொன்னால் வேலை போய்விடும் என்று அந்தக் கம்பெனியின் கோஆர்டினேட்டர் சொன்னான். உன் போனில் பதிவு செய்ய வேண்டும் என்று என் போனிலிருந்து கூப்பிட்டாய். மருத்துவ முகாமுக்கு இந்தியா வந்திருக்கிறேன், தங்கியிருக்கும் வீட்டு அம்மாளின் போனை வாங்கிப் பேசுகிறேன் என்று நீ தொடங்கினாய். பிற்பகல் நேரம், நான் அடுத்த அறையில் புடவைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் வயதான பெண் குரல் ஒன்று, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, ரொம்ப நாளாக மெசேஜில் எழுத்திலேயே பேசிக்கொண்டிருந்த நீங்கள் இன்றுதான் குரலைக் கேட்க வைத்தீர்கள் டாக்டர் என்றது. உடனே, ஒரு நிமிஷம், அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்றது. செருப்புச் சத்தம் போனது. ஏதோ மூடி கீழே விழுந்தது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இப்போது சொல்லுங்கள் என்றது. எந்த நடிகையடா ஆடிஷனுக்கு நடுவில் அடுப்பை அணைக்கப் போவாள்? பாதி வெந்ததை அப்படியே விட்டுவிட்டு உன் பேச்சைக் கேட்க வந்து உட்கார்ந்தவள் அவள். நான் வாசற்படியில் வந்து நின்று தலையைத் தலையை ஆட்டினேன், நிறுத்து என்று கை காட்டினேன். நீ என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நடந்த சண்டையை எழுத வேண்டியதில்லை. அவர் நடிகை என்று நீ சாதித்தாய், அடுப்பு அவருடைய கற்பனை என்றாய், நல்ல நடிகர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்றாய். உன் கண்ணில் சந்தேகம் ஓடியதை நான் பார்த்தேன். பெற்றவளுக்கு அது தெரியாமல் போகாது. ஆனால் இத்தனை வருஷம் யாரும் உன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, இவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதை விட்டுவிட உனக்கு மனம் வரவில்லை. உன்னைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அன்று பாயில் உட்கார்ந்து உன் டாக்டர் மறுபடி எப்போது கேட்பான் என்று நானும்தான் காத்திருந்தேன்.

நீ சென்னைக்குப் போன அன்று பிற்பகல் என் போன் அடித்தது. அதே எண். புடவை விசாரிக்கிறவர்கள் என்று நினைத்து எடுத்துவிட்டேன். டாக்டர் இருக்கிறாரா என்று அந்தக் குரல் இங்கிலீஷில் கேட்டது. உங்கள் வாட்ஸ்அப் படத்தில் சிவப்புப் பட்டுப்புடவை தெரிகிறது, அழகாக இருக்கிறது, நீங்கள்தான் அந்த வீட்டு அம்மாவா என்றது. ஆமாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டிச் சொன்னேன்: அவன் டாக்டர் இல்லை. அவன் என் மகன். நடிப்பு என்று நினைத்துப் பேசினான். அவர்கள் கேட்டால் எதையும் அனுப்பாதீர்கள். வைத்துவிட்டாள் என்று நினைத்தபோது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எனக்குச் சந்தேகம் இருந்தது, நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள், முட்டாள் இல்லை என்றாள். ஏற்கெனவே ஏதாவது அனுப்பினீர்களா என்று கேட்டேன். அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய், டாக்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மறுபடி பேசச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். இந்த வீட்டில் நான் சாப்பிட்டேனா என்று வேறு யாரும் கேட்பதில்லை என்றாள்.

அவளைத் தேற்றவும் முடியவில்லை, அதட்டவும் முடியவில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டேன். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்படியே இணைப்பு போய்விட்டது.

இன்று காலை கோஆர்டினேட்டர் என்னைக் கூப்பிட்டான். உன்னை இல்லை, என்னை. நல்ல மரியாதையான சென்னைத் தமிழ். "அம்மா, அவங்க திருப்பிக் கூப்ட்டாங்க போல இருக்கே? மெசேஜ்ல சொன்னாங்க. கங்கிராட்ஸ். அதான் டெஸ்ட்டே. கொரல் கேட்டுட்டு திருப்பிக் கூப்பிடணும். பையன் பாஸ்" என்றான். அந்த அம்மா யார் என்று கேட்டேன். "ஆர்டிஸ்ட்டுங்க." அழுதாங்களே என்றேன். "நல்ல ஆர்டிஸ்ட்டு" என்றான். வைக்கப் போனவன் நிறுத்தி, "நீங்களும் நல்லா பேசறீங்கம்மா, பாசமா பேசறீங்க. உங்க வயசுக்கும் எங்ககிட்ட ரோல் இருக்கு" என்றான். போனைத் துணியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டு வந்து இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். நான் தேற்றுவதாக நினைத்துக் கேட்ட ஒரு கேள்வியையும் அவன் சரக்காகத்தான் எடை போட்டிருக்கிறான்.

தடுக்க நினைத்தால் எனக்கு வழி தெரியும். உன் பாஸ்போர்ட்டைப் புடவைக்கட்டுக்குள் செருகிவிட்டால் உன்னால் ஒரு வருஷம் தேடினாலும் எடுக்க முடியாது. செய்ய மாட்டேன். ஒளித்து வைத்தால் வேறு பாஸ்போர்ட் எடுப்பாய், வேறு கம்பெனி உன்னைத் தேர்ந்தெடுக்கும், அடுத்த தடவை என்னிடம் சொல்லாமல் போவாய். கற்றுக்கொண்ட பேச்சையும் மறக்கச் சொல்லவில்லை. அது நல்ல பேச்சு, ஒரு குடும்பத்தின் பேச்சு. என்றாவது நிஜமான ஒரு மேடையில், எதிரில் பெயருள்ள ஒருத்தி நிற்க, நீ அதைப் பேசுவாய். அன்றைக்கு மதாமும் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம். அதை நான் நம்புகிறேன்.

இப்போது உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நாளை வந்ததும் பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால், என் போனிலிருந்து அந்த அம்மாவைக் கூப்பிடு. முதலில் அந்த டாக்டர் குரலிலேயே பேசு, அவளுக்கு அடையாளம் தெரியட்டும். பேசிவிட்டு உன் பெயரைச் சொல். வாலில் 'உ' ஒட்டுகிற நம் ஊர் இங்கிலீஷில், ஆரணியில் இருக்கிற தரணி என்று சொல். அவள் என்ன சொன்னாலும் காது கொடுத்துக் கேள். முதலாளி முன்னால் நின்றபோது உனக்கு மைசூர்பாகு கிடைத்தது, இங்கே அது கிடைக்காது. அதைச் செய்து முடித்த பிறகும் உனக்குப் போகத் தோன்றினால், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். நீ கூப்பிட மறுத்தால், அவள் யார் என்று உனக்கும் தெரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். தெரிந்தே போகிற பிள்ளையை எப்படி வழியனுப்புவது என்று எந்தத் தாய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கோஆர்டினேட்டர் பேசிய பிறகு இன்று நான் அடுப்பு மூட்டவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு இரண்டு தட்டு எடுத்து வைத்திருப்பேன், ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டிய நிலைமையைக் கொடுக்காதே. பொழுது சாய்வதற்குள் வந்து சேர். உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போதே சாப்பிட்டாயா என்று என்னைக் கேள். உன் குரலில் கேள், தரணி. எந்தக் குரலில் கேட்கிறாய் என்று பார்க்கத்தான் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பேன்.

உன் அம்மா